அலசின மணல்

சார், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. கீழ, ஓரத்துல. ஆங், அதான். 'துர்ஜய் துப்பாக்கிக்கு ராணுவம் விடை கொடுத்தது.' படிச்சிட்டீங்களா? அதுல ஒரு வரிகூட உண்மை இல்ல சார். நான் சொல்றேன் கேளுங்க. அந்தத் துப்பாக்கியைச் சோதிச்சு, சரின்னு சொல்லி, முத்திரை குத்தி வெளிய அனுப்பினவன் உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கான்.

பேரு ஜம்புலிங்கம். துப்பாக்கி ஃபேக்டரியில சோதனைப் பிரிவு. இப்போ ரிட்டயர்டு. நீங்க ஆம்பூரா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன், அரசம்பட்டு. பொண்ணைக் கொடுத்த ஊரு. இன்னிக்கு அவளுக்கு வளைகாப்பு. என் சம்சாரம் மங்கை விடியக்காலையே வளையலு, சித்ரான்னமெல்லாம் எடுத்துக்கிட்டு கார் வெச்சுப் போயிட்டா. நான் மட்டும் தனியா பஸ்ல. ஏன்னு கேக்காதீங்க. கேக்கலேன்னாலும் சொல்லத்தான் போறேன், வேற என்ன வேலை.

எல்லாத்துக்கும் காரணம் என் மருமவன். நன்றி கெட்டவன் சார். உயிரைக் காப்பாத்தினவனை வாசல்ல நிக்க வைக்கிறவனை என்னன்னு சொல்றது? ஆனா அதை அப்புறம் சொல்றேன். முதல்ல துப்பாக்கியைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

அப்போ ராணுவத்துல இருந்தது பழைய மரக்கட்டைத் துப்பாக்கி. தோள்ல மாட்டினா அரை மூட்டை நெல்லு கனம். லேசா ஒண்ணு வேணும், சின்ன குண்டு போடறதா இருக்கணும், நம்ம நாட்டுலயே செய்யணும்னு டெல்லியில முடிவு பண்ணாங்க. கமிட்டி போட்டாங்க. கமிட்டின்னா சும்மா இல்ல, எல்லாம் பெரிய தலைங்க. ஒருத்தர் ரஷ்யாக்காரன் துப்பாக்கி மாதிரி உள்வேலை இருக்கணும்னாரு. இன்னொருத்தர் பெல்ஜியம்காரன்து மாதிரி தோள்ல வைக்கிற கட்டை இருக்கணும்னாரு. மூணாமவரு ஜெர்மன்காரன் கைப்பிடிதான் கைப்பிடின்னாரு. யார் மனசும் நோகக் கூடாது பாருங்க, எல்லாத்தையும் சேத்துட்டாங்க. ஊர் கூடித் தேர் இழுத்தா நகராம போவுமா? நகர்ந்துச்சு. என்ன, பதினஞ்சு வருஷம் நகர்ந்துச்சு. துப்பாக்கி வரும் வரும்னு பாத்துக்கிட்டிருந்த சிப்பாய்ங்க பாதிப் பேரு அதுக்குள்ள பென்ஷன் வாங்கிட்டாங்க.

பேரு துர்ஜய். யாராலயும் ஜெயிக்க முடியாததுன்னு அர்த்தமாம். எங்க ஆளுங்க வாயில அது நுழையல. துரைன்னே கூப்பிட்டோம். 'துரைக்கு எண்ணெய் போட்டியா?', 'துரையைக் குளிர்ல வெச்சியா?' இப்படித்தான் பேச்சு. முதல் துரை வெளிய வந்தப்போ சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சோம். நான் அழுதேன் சார். என் பொண்ணு சுகந்தி பொறந்தப்போகூட நான் அழல. மங்கை இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா.

என்ன துப்பாக்கி தெரியுமா அது? குண்டு அடைக்கிற பெட்டி இருக்குதே, அதைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்சோம். உள்ள எத்தனை குண்டு மிச்சம்னு வெளிய இருந்தே தெரியும், கடையில முறுக்கு ஜாடியைப் பாக்கிற மாதிரி. ஒரு தடவை விசையை அழுத்தினா மூணே மூணு குண்டு போய் நிக்கும். குண்டு வீணாவாது. சில சமயம் நாலு போகும், அஞ்சு போகும், விட்டா பெட்டி காலியாகறவரைக்கும் போகும். அதுக்கும் புகார் எழுதினாங்க சார்! கடைக்காரன் கொசுறு போட்டா வேணாம்னா சொல்லுவோம்?

சோதனையெல்லாம் என் பொறுப்பு. குளிர் சோதனை உண்டு. எங்க ஊருல பனி ஏது? பால் பண்ணையில பேசி அவங்க குளிர் அறையில வெச்சோம். நான் சும்மா வைக்க மாட்டேன். பிளாஸ்டிக் விறைச்சுப் போவுமேன்னு கம்பளி சுத்தித்தான் வைப்பேன். கைக்குழந்தையைப் பாத்துக்கிற மாதிரி பாத்துக்குவேன். ஒரு பெட்டியாவது விரிசல் விட்டிருக்கணுமே? ஒண்ணு கூட இல்ல.

சுடற சோதனை உண்டு. பாகமெல்லாம் மாட்டி முடிச்சு வந்த துப்பாக்கியில எண்ணெய் வழியும். நான் சொட்டு எண்ணெய் இல்லாம துடைச்சிட்டுத்தான் சுடச் சொல்லுவேன். பாக்க வர்ற அதிகாரிங்க வெள்ளைச் சட்டை போட்டுட்டு வருவாங்க, பின்பக்கமா தெறிச்சு மேல பட்டா நல்லாவா இருக்கும்? சுடறவனுக்குக் கண்ணாடி. கண்ணாடி போடாம ஒருத்தனையும் நான் சுட விட்டதில்ல. பாதுகாப்பு முக்கியம் சார்.

ஆனா என் பேரு நின்னது மணல் சோதனையிலதான். ஒரு இரும்புத் தொட்டி. அதுக்குள்ள துப்பாக்கியைப் போட்டு, மணலைக் கொட்டி, குலுக்கி எடுத்து, உடனே சுடணும். சுட்டா பாஸ். சிக்கினா ஃபெயில். நான் அந்தப் பிரிவுக்குப் போனப்போ எவனோ மைதானத்து ஓரத்துல இருந்து மண்ணு வாரிக்கிட்டு வந்து போட்டிருந்தான். புழுதி! மாட்டுச்சாணித் தூள் வேற. புதுத் துப்பாக்கி சார், அதுல அழுக்கு மண்ணையா போடறது? உள்ள போய் ஒட்டிக்கிட்டு நாலு துப்பாக்கி சிக்கிப் போச்சு. நான் விடல. நேரா பாலாத்துக்கு லாரி அனுப்பினேன். பாலாத்து மணல் பாத்திருக்கீங்களா? தண்ணி இல்லேன்னாலும் மணலுக்கு அந்த ஆத்தை அடிச்சிக்க ஆள் இல்ல. கொண்டாந்து, தூசி போக அலசி, வெயில்ல காய வெச்சு, சலிச்சு, கல்கண்டு மாதிரி தனித்தனியா பருவெட்டா எடுத்து வெச்சேன். வீட்டுப் பூச்சு வேலைக்குக்கூட அப்படி மணல் அமையாது. அந்த மணல்ல போட்டுக் குலுக்கி எடுத்தா, துப்பாக்கி குளிச்சிட்டு வந்த மாதிரி வரும். டப்பு டப்புன்னு சுடும்.

விதியில என்ன போட்டிருந்துச்சு? மணல்னு போட்டிருந்துச்சு. எந்த ஊரு மணல்னு போடல. ராணுவத்துல இருந்து வந்து சோதனையை மேற்பார்வை பாக்கிறவரு கர்னல் சத்யநாதன். நல்ல மனுஷன், நான் போடற டீ இல்லாம கையெழுத்துக்குப் பேனா எடுக்க மாட்டாரு. அவரே ஒரு தடவை மணலைக் கையில அள்ளி, விரல் வழியா விட்டுப் பாத்து, 'ரொம்பச் சுத்தம் ஜம்பு'ன்னாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. அந்தப் பாராட்டு எனக்குப் பத்துப் பதக்கத்துக்குச் சமம். நான் இருந்த வரைக்கும் மணல் சோதனையில ஒரு துரைகூட ஃபெயில் ஆனதில்ல சார். ஒண்ணு கூட!

அப்புறம் துரை ராணுவத்துக்குப் போனான். அங்க போன உடனே, பாலைவனத்துல சிக்குது, பனியில பெட்டி வெடிக்குது, சுட்டா எண்ணெய் கண்ணுல தெறிக்குதுன்னு ஒரே புகார். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். எங்க தொட்டியில ஒழுங்கா சுட்டது அவங்க கையில ஏன் சிக்குது? நீங்களே யோசிங்க. வெச்சிக்கத் தெரியல, அவ்ளோதான்.

சரி, மருமவன் கதைக்கு வர்றேன்.

சுகந்திக்கு வரன் பாத்துக்கிட்டிருந்தோம். ஸ்கூல்ல டீச்சர். வயசு ஏறிக்கிட்டே போகுது. அரசம்பட்டுல இருந்து ஒரு ஜாதகம் வந்துச்சு. அந்த ஊரு உங்களுக்குத் தெரியுமே, வீட்டுக்கு ஒரு பட்டாளத்தான். பையன் பேரு தரணிவேல். பட்டாளத்துல நாயக் பதவி. அடுத்தது ஹவில்தார் ஆகப் போறான்னாங்க. அப்பா இல்ல, அம்மா மட்டும். நானே சந்தோஷப்பட்டேன் சார். துப்பாக்கி செய்யறவன் பொண்ணைத் துப்பாக்கி பிடிக்கிறவன் கட்டிக்கிறது எவ்ளோ பொருத்தம்!

பொண்ணு பாக்க வந்தாங்க. எங்க கூடத்துல துரையோட பெரிய படம் ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன், ஃபிரேம் போட்டு. வெள்ளிக்கிழமை பூ வைப்பேன். பையன் உள்ள வந்தவன் அதைப் பாத்தான். பாத்துட்டு உக்காரவே இல்ல. அவங்க அம்மா, "இன்னாடா, தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டாங்க. "நல்லாத் தெரியும்மா. இது கூட ராஜஸ்தான்ல குடும்பம் நடத்தியிருக்கேன்"னான்.

நான் பெருமையா, "மாப்ள, அது நம்ம கையால சோதிச்சு அனுப்பினது"ன்னேன்.

அவன் பாவம், நாக்கைக் கடிச்சிக்கிட்டான். கேசரியைச் சாப்பிட்டுப் போயிருப்பான். நான்தான் விடல. "எப்படி மாப்ள இருக்குது நம்ம துரை? கூச்சப்படாம சொல்லுங்க"ன்னு தூண்டினேன். யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதைதான்.

"மாமா, நீங்க கேட்டதால சொல்றேன். பாலைவனத்துல காத்து அடிச்சா நாங்க முதல்ல முகத்தை மூட மாட்டோம். துப்பாக்கியைத்தான் மூடுவோம். கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டு வெச்சிருப்போம். பனி மலைக்குப் போனா பெட்டிங்க விரிசல் விட்டுடும், டேப் சுத்தி வெச்சிக்குவோம். எங்க செக்ஷன்ல ஒரு துப்பாக்கி பாக்கியில்லாம எல்லாத்துக்கும் கட்டு. துப்பாக்கிங்களுக்குத்தான் ஆஸ்பத்திரி வெக்கணும்னு எங்க கூட இருந்த குர்பிந்தர் சொல்லுவான்"னான்.

சமையல்கட்டுலேருந்து ஒரு சிரிப்புச் சத்தம். யாரு? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அடக்கமா இருக்க வேண்டிய எங்க பொண்ணுதான்! எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.

"அப்படியெல்லாம் சிக்காது மாப்ள. நான் மணல்ல போட்டுச் சோதிச்சவன்"னேன்.

"எந்த மணல் மாமா?"

"பாலாத்து மணல். அலசி, காய வெச்சு, சலிச்சது."

சார், அவன் சிரிச்சான் பாருங்க. முதல்ல அடக்கிப் பாத்தான். முடியல. கையில இருந்த தட்டைக் கீழ வெச்சுட்டு, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சான். "அலசினீங்களா? மணலையா? மாமா, அங்க மணல் முகத்துக்குப் பூசற பவுடர் மாதிரி இருக்கும்"னான். அப்புறம் கர்ச்சீப் எடுத்துக் கண்ணைத் துடைச்சான். இடது கண்ணை ஒரு தடவை துடைச்சான், வலது கண்ணைத் துடைச்சிக்கிட்டே இருந்தான். அப்போதான் நான் கவனிச்சேன், அந்தக் கண்ணு கலங்கலா இருந்துச்சு.

"கண்ணுல என்ன?"ன்னு கேட்டேன்.

சிரிப்பு நின்னு போச்சு. கொஞ்சம் தணிஞ்ச குரல்ல சொன்னான். "சுடும்போது எண்ணெய் தெறிச்சது மாமா. சூடான எண்ணெய். வலது கண்ணுல பாதிப் பார்வைதான். வெளிய யாருக்கும் தெரியாது. இடது கண்ணால குறி பாத்துச் சுடப் பழகிட்டேன். தெரிஞ்சா ஹவில்தார் ஆக விட மாட்டாங்க. சம்பந்தம் பேச வந்த இடத்துல மறைக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நம்ம குடும்பத்தோட இருக்கட்டும்."

நல்ல பையன்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கண்ணுல குறை இருக்கிறவனுக்கு எந்தத் தகப்பன் பொண்ணு கொடுப்பான்? நான் முடியாதுன்னுட்டேன். மணலைப் பத்திச் சிரிச்சதால இல்ல சார். சத்தியமா அதுக்காக இல்ல. கண்ணுக்காகத்தான்.

சுகந்தி வந்து எதிர்ல நின்னா. "அப்பா, அந்தக் கண்ணு அவர் அம்மா வயித்துல இருந்து வந்த குறை இல்ல. நம்ம கூடத்துல மாட்டியிருக்கியே, அது கொடுத்தது"ன்னா. படிக்க வெச்சது தப்பு. மங்கையும் அவ பக்கம். ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு என்கூடப் பேசறதில்ல, பரிமாறறதில்ல, சோத்தைத் தட்டுல போட்டு மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க. கொழம்பு ஆறிப்போய்க் கிடக்கும். எவ்ளோ நாளு தாங்கறது? கல்யாணம் நடந்துச்சு. நல்லாத்தான் நடந்துச்சு. மாப்ள என்னை ஒரு வார்த்தை குறைச்சுப் பேசினதில்ல. மாமா மாமான்னு பாசமாத்தான் இருந்தான். நானும் மணல் பேச்சை எடுக்கிறதில்ல, அவனும் எடுக்கிறதில்ல.

கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்லயே எல்லையில தகராறு. டிவியைப் போட்டா அதே செய்தி. தரணிவேல் பட்டாளத்தை மலைக்கு அனுப்பறாங்கன்னு தெரிஞ்சுது. முன்னணிக்குப் போற கொஞ்சம் பேருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி வந்திருக்காம், மத்தவங்களுக்கு துரைதானாம். இவனுக்கு? துரைதான்.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல சார். பயம். சுகந்தி மூஞ்சியைப் பாக்க முடியல. அந்தப் பொண்ணு சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறா. துரை மேல நம்பிக்கை இல்லாம இல்ல, தப்பா நினைக்காதீங்க. நல்ல துப்பாக்கிதான். ஆனா நம்ம வீட்டுப் பையன் கையில இருக்கும்போது... எப்படிச் சொல்றது... வேற ஏதாவது இருந்தா தேவலையேன்னு இருந்துச்சு. பெத்தவன் மனசு அப்படித்தான்.

கர்னல் சத்யநாதன் ரிட்டயர்டு ஆகி காட்பாடியில வீடு கட்டியிருந்தாரு. நேராப் போனேன். இப்போ மேல இருக்கிறவங்கள்லாம் ஒரு காலத்துல அவருக்கு சல்யூட் அடிச்சவங்க. போய், "சார், என் மருமவனுக்கு மட்டும் அந்த வெளிநாட்டுத் துப்பாக்கியைக் கொடுக்கச் சொல்லணும்"னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவரு, "ஏன் ஜம்பு? துர்ஜய்ல என்ன குறை?"ன்னாரு.

"ஒரு குறையும் இல்ல சார்"னேன்.

"குறை இல்லேன்னா எதுக்கு மாத்தணும்?"

அவரு நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டு உக்காந்தாரு. "ஜம்பு, நானும் நீயும் சேந்துதான் அதுக்குக் கையெழுத்து போட்டோம். எனக்குத் தூக்கம் போயி ரொம்ப நாளாச்சு. நான் மட்டும் சொன்னா, ரிட்டயர்டு ஆன கிழவன் உளர்றான்னு விட்டுடுவாங்க. சோதிச்சு அனுப்பினவன் நீ. மணல் எப்படி, குளிர் அறை எப்படி, எண்ணெயை ஏன் துடைச்சோம், எல்லாத்தையும் நீ உன் வாயால சொல்லு. கூட நான் வர்றேன். உன் மருமவனுக்கு மட்டும் இல்ல, அந்த மலையில இருக்கிற எல்லாப் பையனுங்களுக்கும் மாத்திக் கொடுக்க வைக்கலாம்"னாரு.

இந்த மனுஷன் என்ன பேசறாரு? 'ரொம்பச் சுத்தம்'னு சொன்ன அதே வாயி! என் கையால செஞ்ச வேலையை நானே போய் மோசம்னு சொல்லணுமா? தான் பெத்த பிள்ளையைத் தானே திருடன்னு காட்டிக் கொடுக்கிற மாதிரி. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல.

"துப்பாக்கியில குறை இல்ல சார்"னு மறுபடியும் சொன்னேன். "பையன் கண்ணுலதான் குறை. வலது கண்ணு பாதிதான் தெரியும். மறைச்சு வெச்சிருக்கான். அப்படிப்பட்டவனை மலைக்கு அனுப்பலாமா?"

கர்னல் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. டீ வந்துச்சு, குடிக்கச் சொல்லல. "சரி, நீ கிளம்பு"ன்னாரு.

அப்புறம் என்ன, கர்னல் மேல ஒரு வார்த்தை சொல்லியிருக்காரு, மாப்ளயைக் கூப்பிட்டாங்க, பரிசோதனை பண்ணாங்க, கண்ணு சரியில்லேன்னு மலைக்கு அனுப்பாம நிறுத்திட்டாங்க. ஹவில்தார் பதவி போச்சு. இனிமே வராது. வடக்க ஏதோ ஒரு டெப்போவுக்கு மாத்திட்டாங்க. இப்போ பேப்பர்ல போட்டிருக்கானே, வாபஸ் வாங்கின துரைங்க, அதெல்லாம் அங்கதான் வந்து சேருது. அதை வாங்கித் துடைச்சு அடுக்கி வைக்கிறதுதான் மாப்ள வேலை. நிழல்ல வேலை சார்! வெயில் இல்ல, பனி இல்ல, குண்டு இல்ல. யாரால? இந்த ஜம்புலிங்கத்தால.

அந்த குர்பிந்தர்னு சொன்னேனே, கூட இருந்த பஞ்சாப்காரப் பையன், அவன் மலைக்குப் போனான். திரும்பல. ராத்திரி எதிரி கிட்ட வந்தப்போ துப்பாக்கி சிக்கிடுச்சுன்னு மாப்ளகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. யாரு கண்டா? இருட்டுல, பனியில, யாரு நின்னு பாத்தா? விதி முடிஞ்சா எந்தத் துப்பாக்கி இருந்தா என்ன. நான் அவனுக்காக எங்க அம்மன் கோயில்ல ஒரு விளக்கு போட்டேன். அது யாருக்கும் தெரியாது.

லீவுல வந்தப்போ தரணிவேல் எங்க வீட்டுக்கு வரல. நான் போனேன். என்னைப் பாத்து எழுந்து நின்னான், மரியாதை குறையல. ஆனா பேசல. கர்னல் வீட்டுல நான் சொன்னது எப்படியோ அங்க எட்டியிருக்கு, சுகந்திதான் பேசினா. "துப்பாக்கியில குறைன்னு சொல்ல உனக்கு வாய் வரல. நம்பிச் சொன்னவரோட கண்ணுல குறைன்னு சொல்ல வந்துச்சாப்பா?"ன்னா. அவ அழல. அழுதிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன்.

நானும் விடல. "ஒருத்தன் கண்ணு அவன் சொந்த விஷயம். துப்பாக்கி நாட்டோட மானம்"னேன். சரிதானே சார்? என்ன, நீங்களும் ஜன்னல் பக்கம் பாக்கிறீங்க.

அப்போதான் அவன் வாயைத் தொறந்தான். "மாமா, எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். அந்தத் துப்பாக்கி சரியில்ல, சோதனை சரியில்லன்னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லிடுங்க. எனக்காக இல்ல. குர்பிந்தருக்காக. அதுக்கப்புறம் இது உங்க வீடு"ன்னான்.

அவ்ளோதான் விஷயம். இன்னிக்கு வளைகாப்பு. முறைப்படி வளையல் போட்டதும் பொண்ணைத் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிக்கிட்டு வரணும். சுகந்தி சொல்லிட்டா, "அப்பா வந்து அந்த வார்த்தையைச் சொன்னா நான் அந்த வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா என் மாமியாரே எனக்குப் பிரசவம் பாப்பாங்க"ன்னு. மங்கை காலையில கிளம்பும்போது என் கையைப் பிடிச்சிக்கிட்டா. "ஒரு வாக்கியம்தானேங்க. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு சொல்லிடுங்க. பேரப்பிள்ளை நம்ம வீட்டுல பொறக்கணும்"னா. சரி, நீ முன்னாடி போ, நான் சொல்லிப் பாத்துக்கிட்டே பின்னாடி வர்றேன்னுதான் சொன்னேன். சரின்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன் சார். 'துப்பாக்கியில குறை இல்லாம இல்ல'ன்னு சொன்னா ஒத்துக்குவானா? குறைன்னு வருது, இல்லன்னும் வருது. 'எல்லாத்துலயும் குறை உண்டு, மனுஷனுக்கே குறை உண்டு'ன்னு பொதுவா சொல்லலாம். 'டெல்லி கமிட்டி சரியில்ல'ன்னு சொல்லலாம், அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. 'துப்பாக்கி சரியில்ல...' பாருங்க, அந்த இடத்துக்கு வந்ததும் மறுபடி கமிட்டிக்கே போயிடறேன். அதைச் சொல்லிட்டா அப்புறம் அத்தனை வருஷமா நான் அங்க என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தேன்?

அரசம்பட்டு வந்துடுச்சு போல. ஸ்பீக்கர் பாட்டு கேக்குது. நம்ம வீட்டு விசேஷம்தான். அதோ, நிழற்குடை பக்கத்துல... மாப்ள நிக்கிறான் சார். வெள்ளை வேட்டி, சட்டை. என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கான். அவனே வந்திருக்கான்.

சார், கொஞ்சம் நகருங்க. இல்ல, எழுந்திருக்காதீங்க, இறங்கறதுக்கு இல்ல. நீங்க இப்படியே மறைச்ச மாதிரி உக்காருங்க. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வர்றான். நம்ம ஜன்னல் அவனுக்கு வலது கண்ணுப் பக்கம்.

நம்ம ஜன்னலையும் பாத்துட்டுத் தாண்டிப் போறான். தெரியல அவனுக்கு.

கண்டக்டர், விசில் அடிப்பா. ஆமா, அரசம்பட்டுதான் எடுத்தேன், இறங்கல. ஆம்பூருக்கு ஒரு டிக்கெட் கிழி. இல்ல சார், ஒண்ணும் இல்ல. வளையல் போடறதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம், நாம நடுவுல போய் நிக்கக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்துக்கறேன்.